புளியங்கொட்டை வைத்து ஆங்கிலம்: காரைக்குடியில் ஓர் உச்சரிப்பு வகுப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகுப்புக்குப் போனால் ஆங்கிலம் பேச வராது. பேருந்து நிலையத்துச் சுவரில் ஒட்டியிருக்கிற ‘முப்பது நாளில் சரளம்’ ரகம் இல்லை இது. ஏற்கெனவே ஓரளவு பேசுகிறவர்கள், தாங்கள் பேசுவது எதிரே நிற்பவருக்கு ஒரே தடவையில் புரிய வேண்டும் என்று நினைத்தால் போகலாம். அந்த ஒரு காரியத்தை இவ்வளவு ஒழுங்காகச் சொல்லித்தருகிற இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் வேலை கானாடுகாத்தானில். பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள், அங்கே வரவேற்பு மேசை என் பொறுப்பு. பிரான்சு, ஜெர்மனி, இங்கிலாந்து என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். எங்கள் ஆட்களுக்கு ஆங்கிலம் வராது என்று யாரும் சொல்ல முடியாது. முகப்பு, வளவு, பர்மா தேக்கு, சுவரில் முட்டை வெள்ளைக்கருப் பூச்சு என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே போவார்கள், இலக்கணமும் சரியாகவே இருக்கும். நடுவில் நீளமான பெயர்ச்சொல் ஒன்று வந்து விழும். அந்த இடத்தில் விருந்தினர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு “சாரி?” என்பார். நம்மாள் அதையே இன்னும் சத்தமாகச் சொல்வார். சத்தம் கூடினால் புரிந்துவிடுமா?

இதற்காக வெளியூரில் ஒரு பெரிய பயிற்சி நிலையத்துக்கு முன்பு பணம் கட்டினேன். பேரை விடுங்கள். ஏசி அறை, கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை, நாக்கைச் சுருட்டி ‘ர்ர்’ சொல்லும் பயிற்சி. அமெரிக்கர் மாதிரி ஒலிக்க வேண்டுமாம். எனக்கு அது தேவையே இல்லை. லியோனிலிருந்து வரும் பிரெஞ்சுக்கார அம்மாவுக்கு நான் அமெரிக்கர் மாதிரி ஒலித்து என்ன ஆகப்போகிறது?

சரி, இந்த வகுப்புக்கு வருவோம். செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் பழைய வீட்டின் திண்ணைதான் வகுப்பறை. போர்டு கிடையாது. நடத்துபவர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். பேரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறோம், அப்படியே எழுதுகிறேன். வாரத்தில் இரண்டு மாலை, ஆறு மணியிலிருந்து ஏழரை வரை. மாதம் 1,200 ரூபாய். பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, ஆத்தங்குடித் தரையில் பாய் விரித்து உட்கார அதற்கு மேல் இடமும் இல்லை. முட்டி வலி உள்ளவர்களுக்கு நாற்காலி உண்டு.

ஒரு மாலைக்கு ஒரே ஒரு சொல். அதுவும் நீளமான ஆங்கிலப் பெயர்ச்சொல். அதை மூன்று விதமாகப் பிரிக்க வேண்டும்.

ஆச்சி ஒரு பல்லாங்குழிப் பலகையை நடுவில் வைப்பார். கையில் புளியங்கொட்டை. சொல்லை மெதுவாகச் சொல்லச் சொல்ல, தாடை எத்தனை தடவை இறங்குகிறதோ அத்தனை சிலபிள், குழிக்கு ஒரு கொட்டை. அப்புறம் சொல்லின் முழு பாரமும் எந்தக் குழியில் விழுகிறது என்று கண்டுபிடித்து, அந்தக் கொட்டையை எடுத்துவிட்டு ஒரு சோழியை வைக்க வேண்டும். அதைவிடக் கொஞ்சம் லேசான அழுத்தம் வேறு எங்காவது இருந்தால் அங்கே குன்றிமணி. கடைசியாகக் கரும்பலகையில் அதே சொல்லை முன்னொட்டு, பகுதி, விகுதி என்று சாக்பீஸால் வெட்டுவோம். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியவர்களுக்கு இந்த மூன்றாவது வேலை பழக்கமானதுதான். ‘வந்தனன்’ என்ற சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று உரித்த கை ஆங்கிலச் சொல்லையும் சுலபமாக உரித்துவிடும். ஆனால் இரண்டு வெட்டும் ஒரே இடத்தில் விழாது, சிலபிள் எல்லை வேறு, உறுப்பு எல்லை வேறு. இதை ஆச்சி அடிக்கடி நினைவூட்டுவார்.

முதல் வகுப்பின் சொல் எல்லா அணிக்கும் ஒன்றுதானாம்: எலக்ட்ரோகெமிஸ்ட்ரி. காரைக்குடிக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. சிக்ரி என்று எல்லாரும் சுருக்கிச் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட இடம். அந்த வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறாதவர்கள் இங்கே குறைவு, முழுப் பெயரை வாயால் சொல்லிப் பார்த்தவர்களும் குறைவு.

இ-லெக்-ட்ரோ-கெம்-இஸ்-ட்ரி. ஆறு கொட்டை. சோழி நாலாவது குழியில், ‘கெம்’ மேல். குன்றிமணி இரண்டாவதில். வகுப்பில் இருந்தவர்கள் முதல் தடவை சொன்னபோது ஆறு குழியிலும் ஆறு சோழி வைத்த மாதிரிதான் இருந்தது. அது ஏன் என்பதற்கு ஆச்சி சொன்ன விளக்கத்துக்காகவே அந்த மாதக் கட்டணத்தைக் கொடுக்கலாம். தமிழில் ஒலியின் நீளம்தான் பொருளைக் காப்பாற்றுகிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. படம் வேறு, பாடம் வேறு. எந்த எழுத்தில் அழுத்திச் சொன்னாலும் படம் படம்தான். அதனால் நம் காது நீளத்தை அளந்து பழகிவிட்டது, பாரத்தை அளந்து பழகவில்லை. ஆங்கிலக் காது வேறு மாதிரி. பாரம் விழுகிற இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் அது சொல்லையே அடையாளம் காணும். ஆறு இடத்திலும் பாரம் போட்டால் அதற்கு எந்த இடத்தைப் பிடிப்பது என்று தெரியாது. ‘சாரி?’ என்கிறது.

பாரம் விழாத இடங்களை என்ன செய்வது? விழுங்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ‘a’ இருந்தாலும் ‘o’ இருந்தாலும் பெரும்பாலும் ஒரே மங்கலான ஒலிதான் வாயிலிருந்து வரும். அகராதியில் தலைகீழாகக் கிடக்கும் ‘e’ எழுத்து அதற்கான குறி. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு முணுமுணுப்பு. எழுதியிருப்பதை ஒழுங்காக வாசிக்காமல் விழுங்கச் சொல்கிறாரே என்று. ஆச்சி உடனே குற்றியலுகரத்துக்குப் போனார். ‘காடு’, ‘பத்து’ என்று சொல்லும்போது கடைசி உகரத்தை முழுசாகவா சொல்கிறோம்? அரை மாத்திரைதானே? எழுதுவது முழு உகரம், சொல்வது பாதி. “நம்ம கிட்ட இல்லாத பழக்கமா ஆத்தா இது? அங்கே எல்லா உயிரும் குறுகும், இங்கே ஒண்ணு ரெண்டு குறுகும், அவ்வளவுதான்” என்றார். இரண்டும் ஒரே ஒலியல்ல, குறுகுகிற தன்மை மட்டும்தான் ஒப்புமை என்பதையும் சேர்த்தே சொன்னார். நாக்கு அன்றைக்குத்தான் இளகியது.

வகுப்பில் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி விகுதிகளைப் பற்றியது. எலக்ட்ரிக் என்றால் மூன்று சிலபிள், பாரம் நடுவில், ‘லெக்’ மேல். அதோடு ‘இட்டி’ விகுதி சேர்ந்து எலக்ட்ரிசிட்டி ஆனதும் ஐந்து சிலபிள், பாரம் ‘ட்ரி’க்கு நகர்ந்துவிடுகிறது, ‘க்’ ஒலிகூட ‘ஸ்’ ஆகிறது. ஆனால் கவர்ன் என்ற சொல்லோடு ‘மென்ட்’ சேர்ந்தால் பாரம் முதல் சிலபிளிலேயே இருக்கிறது, அசையவில்லை. ஏன் ஒன்று நகர்த்துகிறது, இன்னொன்று நகர்த்தவில்லை? ஆச்சி சொல்வார்: சில விகுதி வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து இடம் மாறி உட்கார வேண்டும். சில விகுதி அடுத்த வீட்டுக்காரர், வந்தாலும் அவரவர் இருந்த இடத்திலேயே இருக்கலாம். ‘மென்ட்’, ‘நெஸ்’, ‘ஷிப்’, ‘ஹுட்’ எல்லாம் அடுத்த வீட்டு வகை. ‘இட்டி’யும் ‘ஷன்’னும் மாப்பிள்ளை வகை, தங்களுக்கு நேர் முந்தின சிலபிளில் பாரத்தை இழுத்து வைத்துவிடும். ‘கிராஃபி’, ‘லஜி’ என்று முடிந்தால் கடைசியிலிருந்து எண்ணி மூன்றாவது. ‘எஞ்சினியர்’, ‘ஜப்பானீஸ்’ மாதிரியானவற்றில் விகுதியே பாரத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும்.

இந்த நாலு வரியை வைத்துக்கொண்டு, முன்பின் பார்த்திராத நீளச் சொல்லையும் துணிந்து சொல்லலாம். அ-கா-ம-டே-ஷன், ஐந்து, ‘டே’யில் சோழி. ரெ-ஸ்பான்-ஸி-பில்-இ-ட்டி, ஆறு, ‘பில்’லில் சோழி. ஹாஸ்-பி-டால்-இ-ட்டி, ஐந்து, ‘டால்’. இந்தக் கடைசிச் சொல்லை எங்கள் ஹோட்டல் வாசல் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறோம். ஆஸ்பத்திரி என்று நம் வாயில் ஆகிப்போன ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல், விருந்தளிப்பவரைக் குறிக்கும் ஹோஸ்ட் எல்லாம் ஒரே இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை என்று அன்றைக்குத் தெரிந்தது. எங்கள் மேனேஜரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியும் நாமும் உறவு என்பது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

கூடப் படிப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், வகுப்பின் பாதி அவர்கள்தான். தேவகோட்டையிலிருந்து ஒரு நர்ஸ் வருகிறார், வெளிநாட்டு வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிறவர். அதில் பேச்சுத் தேர்வின் மதிப்பெண்ணில் கால் பங்கு உச்சரிப்புக்கு. அவர் கேட்டதற்காக ஒரு மாலை எலக்ட்ரோஎன்செஃபலோகிராஃபியை எடுத்துக்கொண்டோம். மூளையின் மின் செயல்பாட்டைப் பதிவு செய்யும் சோதனை, இஇஜி என்று சுருக்கிச் சொல்வது. ஒன்பது கொட்டை. ‘கிராஃபி’ விதிப்படி கடைசியிலிருந்து மூன்றாவது, ‘லா’ மேல் சோழி. உறுப்புகளாக வெட்டினால் மின், உள்ளே, தலை, எழுதுதல் என்று நாலு கிரேக்கத் துண்டு. நர்ஸம்மா இரண்டே தடவையில் சொல்லிவிட்டார். முன்பே அவருக்குத் தெரிந்த சொல்தான், எங்கே நிற்பது என்றுதான் தெரியாமல் இருந்திருக்கிறது.

இன்னொருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா. கம்பன் விழாவில் முன்வரிசையில் பார்க்கலாம். பேரனோடு வெளிநாட்டில் இருக்கப் போகிறாராம், அதற்குத் தயாரிப்பு. சிலபிள் என்றால் அசைதானே, நேர் நிரை என்று பிரித்துவிட்டுப் போகலாமே என்று ஒரு நாள் மடக்கினார். ஆச்சி பலகையில் ‘கருவிளம்’ என்று எழுதினார். யாப்புப்படி நிரை நிரை, இரண்டு அசை. வாய்விட்டுச் சொன்னால் க, ரு, வி, ளம் என்று தாடை நாலு தடவை இறங்குகிறது. நிரைக்குள் இரண்டு சிலபிள் ஒளிந்திருக்கிறது, ஆகவே அசையும் சிலபிளும் ஒன்றல்ல. ஐயா விடவில்லை, தேமாவில் இரண்டும் ஒத்துப்போகிறதே என்றார். அன்றைக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூட நடக்கவில்லை. எனக்கு வருத்தமில்லை, ஆனால் காசு கொடுத்து வந்த மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

ஆச்சியின் செல்லச் சொல் ஒன்று உண்டு. ஆங்கில அகராதியில் உள்ளவற்றில் மிக நீளமான சொல் என்று பலரும் காட்டுவது: நியூமோனோ-அல்ட்ரா-மைக்ரோஸ்கோப்பிக்-சிலிகோ-வால்கேனோ-கோனியோசிஸ். 45 எழுத்து, 19 சிலபிள். பல்லாங்குழிப் பலகையில் இருப்பது 14 குழி. மீதி ஐந்துக்கு அடுத்த வீட்டுப் பலகையை வாங்கி வந்தார். எரிமலைத் தூசி மாதிரி மிக நுண்ணிய சிலிக்காத் துகள் நுரையீரலில் படிவதால் வரும் நோய் என்று பொருள். 1935-இல் அமெரிக்கப் புதிர்ச் சங்கம் ஒன்றின் தலைவர் எவரெட் ஸ்மித் நீளத்துக்காகவே கட்டிய சொல். நுரையீரல், அப்பால், சிறிய, பார்த்தல், சிலிக்கா, எரிமலை, தூசி, நோய்நிலை என்று வெட்ட வெட்ட வந்துகொண்டே இருந்தது. கல் குவாரிப் பக்கத்திலிருந்து வரும் தம்பி ஒருவன் கடைசியில், “ஆச்சி, எங்க ஊர்ல இதுக்கு சிலிகோசிஸ்னுதான் டாக்டர் எழுதுவாரு. நாலே கொட்டைதானே?” என்றான். நாலேதான். அதில் சோழி ‘கோ’ மேல், கடைசிக்கு முந்தினது. ‘ஓசிஸ்’ என்று முடிந்தால் பாரம் அந்த ‘ஓ’வில் என்ற விதி நர்ஸம்மாவுக்குப் பயன்பட்டது. மற்றபடி அந்த மாலை வேடிக்கைக்குத்தான். எந்த விருந்தினரிடமும் நான் அந்தச் சொல்லைச் சொல்லப்போவதில்லை.

குறைகளும் இருக்கின்றன. ஆச்சி படித்தது பிரிட்டிஷ் உச்சரிப்பு, அதைத்தான் சரி என்பார். லபாரட்டரி என்ற சொல்லில் இங்கிலாந்துக்காரர் இரண்டாவது சிலபிளில் அழுத்துவார், அமெரிக்கர் முதலாவதில். அட்வர்டைஸ்மென்ட் என்பதில் இங்கிலாந்தில் ‘வர்’ மேல் பாரம், அமெரிக்காவில் பெரும்பாலும் ‘டைஸ்’ மேல். இரண்டையும் அகராதி ஒத்துக்கொள்கிறது. ஆச்சி கேட்டால்தான் ஒத்துக்கொள்வார். விதிவிலக்குகளும் அப்படித்தான். ‘இக்’ என்று முடிந்தால் அதற்கு முந்தின சிலபிளில் அழுத்தம் என்று ஒரு விதி கொடுத்தார். பாலிடிக்ஸும் அரித்மெட்டிக்கும் அதற்கு அடங்காதே என்று குவாரித் தம்பி கேட்ட பிறகுதான் விலக்குப் பட்டியல் வெளியே வந்தது. முதலிலேயே கொடுத்திருக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை, எல்லாம் தனிச்சொல்லோடு நின்றுவிடுகிறது. ஒரு முழு வாக்கியத்தில் எந்தச் சொல்லைத் தூக்கி எந்தச் சொல்லைத் தாழ்த்துவது என்பதுதான் அடுத்த படி. அதற்கு இங்கே பாடமே இல்லை. மூன்று மாதம் முடித்து, சொற்களைக் கச்சிதமாகச் சொல்லி, வாக்கியத்தைப் பழையபடி ஒரே மட்டத்தில் ஓட்டுகிறவர்கள் வகுப்பில் இருக்கிறார்கள். கேட்டால், “அது அடுத்த வருஷம்” என்கிறார். தரும் ஜெராக்ஸ் தாள்களும் பாதி மங்கல். சோழிக் குறியும் குன்றிமணிக் குறியும் ஒரே புள்ளியாகத் தெரிகிறது.

போனில் இலவசமாகவே கேட்கலாமே, ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் அகராதியே சொல்கிறதே என்று என் தங்கை கேட்டாள். நியாயம்தான், நானும் தினமும் தொடுகிறேன். ஆனால் போன் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லும். அடுத்த சொல்லுக்கு மறுபடியும் தொட வேண்டும். விருந்தினர் எதிரே நிற்கும்போது போனை எடுக்க முடியுமா? இங்கே கிடைப்பது விதி. போதாதற்கு அந்த அகராதியை ஒழுங்காகப் படிக்கவும் ஆச்சி சொல்லித்தந்தார். மேலே நிற்கும் சின்னக் கோடு முக்கிய அழுத்தம், கீழே நிற்பது இரண்டாவது அழுத்தம். கோடு சிலபிளுக்கு முன்னால் வரும், பின்னால் வரும் ஒலியைத்தான் அது குறிக்கிறது. சில அமெரிக்க அகராதிகளில் சிலபிளுக்குப் பின்னால் போடுவார்கள், எந்த வழக்கம் என்று முன்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் அகராதியை வைத்துக்கொண்டு தப்பாகவே படித்தவர்கள் எத்தனையோ பேர்.

வேலையில் என்ன மாறியது என்றால், ‘சாரி?’ குறைந்திருக்கிறது. சமையலறைத் தம்பிகளுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தேன். வெஜிடபிளை நாலாக இழுக்காமல் வெஜ்-ட-பிள் என்று மூன்றாக, கம்ஃபர்டபிளைக் கம்ஃப்-ட-பிள் என்று மூன்றாக. சமையற்கார அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்து இருக்கும்போது ஏன் விட வேண்டும், நான் என்ன கடனாளியா என்கிறார்.

யார் போகலாம்? ஹோட்டல், ஆஸ்பத்திரி, சுற்றுலா வழிகாட்டி வேலையில் இருப்பவர்கள், வெளிநாடு போகும் நர்ஸுகள், ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளி ஆசிரியர்கள். ஆசிரியர்கள் கட்டாயம் போக வேண்டும் என்பேன். பேசவே தயங்குகிறவர்கள் இப்போதைக்கு வேண்டாம், புளியங்கொட்டை எண்ணியே பயந்துவிடுவார்கள். பத்து வயதுக்குக் கீழ் குழந்தைகளை ஆச்சி சேர்ப்பதில்லை, சோழியை வாயில் போட்டுக்கொள்கிறார்களாம்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. வாக்கியப் பாடம் ஆரம்பித்தால் மீதி ஒன்றையும் கொடுப்பேன்.

அடுத்த அணி பொங்கல் கழித்து. ஆன்லைன் பதிவு, ஜிபே எதுவும் கிடையாது, நேரில் போய் ரொக்கமாகக் கட்ட வேண்டும். ஒரு வகுப்பு சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேரலாம், அதற்குக் காசில்லை. கார் தெருவுக்குள் நுழையாது, முக்கிலேயே நிறுத்திவிட்டு நடங்கள். ஏழு மணிக்குப் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி ஆரம்பித்துவிடும், ஆகவே ஆச்சிக்குப் பக்கத்துப் பாயைப் பிடித்துக்கொள்வது நல்லது. திண்ணையில் கொசு அதிகம், கொசுவர்த்திப் புகை ஆச்சிக்கு ஆகாது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை வகுப்பாக இருந்தால் கொஞ்சம் பசியோடு போங்கள், சில நாள் முடிந்ததும் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் வரும். கட்டணத்தில் அது சேர்த்தி இல்லை, எதிர்பார்த்துக் கேட்டால் வராது.